வாவிக்கரையில் ‘நான்’: மட்டக்களப்புப் பாடசாலைகளில் உளவியற் கல்வியும் தன்னறிவும் – ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

மேல்வகுப்பு மாணவருக்கு உளவியல் கற்பிக்கப்படல் வேண்டுமா என்னும் வினா எமது கல்வியுலகிலே அடிக்கடி எழுப்பப்படுகின்றது. வேண்டும் என்போர் பரீட்சைப் பயம், போதைப்பொருட் பழக்கம், இளவயதுத் தற்கொலை முதலியவற்றைக் காரணங்காட்டுவர். வேண்டாம் என்போர் ஏலவேயுள்ள பாடச்சுமையைச் சுட்டுவர். இரு சாராரும் வினவாது விடும் வினா ஒன்றுண்டு. மாணவர் அறிதல் வேண்டும் என்று நாம் கூறும் அந்தத் ‘தான்’ யாது? எக்காலத்தும் எவ்விடத்தும் ஒரே தன்மைத்தாய் உள்ளே உறைந்து கிடக்கும் பொருளா? அன்றி, உற்பத்தி உறவுகளும் உறவுமுறைகளும் ஆட்சிமுறைகளும் மாறுந்தோறும் தானும் மாறுகின்ற ஒன்றா?

இதனைத் தத்துவ வினாவாக மாத்திரம் விட்டுவிடாது ஒரு பிரதேசத்தின் வரலாற்றில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் காலத்திலே இங்கு பாடசாலை மாணவருக்குத் தம்மை நோக்கும் முறை நான்கு வடிவங்களிற் கற்பிக்கப்பட்டுள்ளது. முதலில் இரட்சிக்கப்பட வேண்டிய ஆன்மாவாகவும், அடுத்து அடக்கப்பட வேண்டிய மனமாகவும், பின்னர் அளக்கப்பட வேண்டிய நுண்ணறிவாகவும், இறுதியாக ஆற்றப்பட வேண்டிய காயமாகவும் ‘தான்’ மாணவர் முன் வைக்கப்பட்டது. இந்நான்கனுள் எதுவும் உளவியற் பாடம் என்னும் பெயரால் வழங்கவில்லை. உயர்தரக் கலைப்பிரிவிலே அளவையியலும் விஞ்ஞானமுறையும் நெடுங்காலமாகப் பாடமாக இருந்துவந்துள்ளது. உளவியலுக்கு அத்தகைய தனியிடம் கிடைக்கவில்லை. எனினும் பெயரில்லாத பாடமே பெரும்பாலும் ஆழமாகப் பதியும் பாடம் என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

2

பாடசாலைக்கு முந்திய நிலையை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி இப்பிரதேசத்தை இரு கரைகளாக வகுக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை; வாவிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல்நிலம் படுவான்கரை. சூரியன் எழுவதும் படுவதும் கொண்டு அமைந்த இப்பெயர்கள் காலப்போக்கிலே சமூகப் பொருளையும் ஏற்றன. நெல் விளைந்தது ஒரு கரையில். அதை விற்றுக் கற்றோரும் கல்லூரிகளும் பெருகியது மறுகரையில். போடியார் எனப்பட்ட நிலவுடைமையாளருக்கும் வயலில் உழைத்தோருக்குமிடையிலான உறவே இச்சமூகத்தின் அடித்தளமாக இருந்தது.

இத்தகைய சமூகத்திலே ‘நீ யார்?’ என்னும் வினாவுக்கு விடை தனிமனிதனின் உள்ளத்தில் தேடப்படவில்லை. தாய்வழியாக வரும் குடி, ஊர், கோயிலில் அக்குடிக்குரிய உரிமை ஆகியனவே விடையாயின. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடத்தும் இத்தாய்வழிக் குடிமுறை வழங்கிவந்தமை குறிப்பிடத்தக்கது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும் வழக்கும் இரு சாராருக்கும் பொதுவானதே. எனவே ‘நான்’ என்பது இங்கு முதலில் ஓர் உறவுப் பெயர்; அதன்பின்பே தனிப்பெயர்.

துயரமும் இவ்வாறே பொதுவெளியில் வைத்து நோக்கப்பட்டது. வைகாசியில் நிகழும் கண்ணகி அம்மன் சடங்கிலே தெய்வம் ஏறியவர் சொல்லும் வாக்கு தனியொருவருக்குரியதாயினும் ஊர் முழுவதன் முன்னிலையிலேயே சொல்லப்பட்டது. இதனை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லால் ஒதுக்குதல் எளிது. ஆனால் உள்ளத்து நோவைப் பேசுதற்கு ஒரு சமூகம் தானே அமைத்துக்கொண்ட நிறுவனம் அது என்பதை வரலாற்று மாணவன் மறந்துவிடலாகாது. அதேவேளை இப்பழைய ஒழுங்கை இலட்சியமயப்படுத்துவதும் தவறாகும். குடிக்குள் இருந்த ‘நான்’ சாதிப்படிநிலைக்குள் இருந்த ‘நான்’ ஆகும். கோயிலிற் குறித்த எல்லைக்கு அப்பாற் செல்லவியலாதவனும் தன்னை அறிந்தே இருந்தான். பிறர் வகுத்த இடத்திலே தன்னை அறிந்திருந்தான்.

3

1814 இல் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ற் மட்டக்களப்பை வந்தடைந்தார். அடுத்த ஆண்டிலேயே அவர் இங்கு மரணமடைந்தாராயினும் அவர் தொடக்கிய பள்ளி நிலைத்தது. இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை அவ்வாண்டிலிருந்தே கணிக்கின்றது. 1873 இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றி, பிற்காலத்தில் இயேசு சபையினரின் பொறுப்பில் வளர்ந்தது.

இவ்விரு மிஷன்களும் தத்தம் சமய மரபிலே தன்னாய்வுக்கு உயர்ந்த இடம் அளித்தவை என்பது எமது பொருளுக்கு முக்கியமானது. வெஸ்லியின் வழிவந்தோர் சிறு குழுக்களாகக் கூடித் தத்தம் ஆன்மநிலையை ஒருவர்க்கொருவர் கூறும் வழக்கம் உடையோர். இயேசு சபையினரோ நாளிறுதியில் அன்றைய எண்ணங்களையும் செயல்களையும் ஒவ்வொன்றாக மீட்டுப் பார்க்கும் மனச்சாட்சிப் பரிசோதனையை ஒழுங்காகக் கைக்கொள்பவர்கள். குடியின் உறுப்பினனாக வகுப்பறைக்குள் நுழைந்த சிறுவன் இவற்றின் வழியாகத் தன் செயலுக்குத் தானே கணக்குக் கொடுக்கும் தனியனாக வெளிவந்தான்.

இம்மாற்றத்தின் இரு பக்கங்களையும் நாம் காணல் வேண்டும். ஒருபுறம், பிறப்பால் வந்த இடத்தை ஏற்காது தன்னை நோக்கும் வாய்ப்பை இது அளித்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் பெண்களுக்கும் இவ்வாய்ப்பு சிறிதன்று. மறுபுறம், நேரம் தவறாமை, கணக்கு ஒப்புவித்தல், மேலோர்க்குப் பணிதல் ஆகிய குணங்களை உடைய இத்தனியனே குடியேற்ற நிர்வாகத்துக்கு வேண்டிய எழுதுவினைஞனுமாவான். ஆன்மாவை ஆராயப் பழகியவனுக்கு அலுவலகப் பேரேட்டை ஆராய்தல் அரிதன்று. படுவான்கரையின் வயற்கூலி ஏன் கடனாளியாக இருக்கிறான் என்னும் வினா அப்பேரேட்டிலும் எழவில்லை. அம்மனச்சாட்சிப் பரிசோதனையிலும் எழவில்லை.

4

மிஷன் கல்வியின் குழந்தையாகவும் அதன் விமரிசகராகவும் தோன்றியவர் சுவாமி விபுலாநந்தர். 1892 இற் காரைதீவிற் பிறந்த மயில்வாகனன், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளிலே கற்றவர். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். 1924 இல் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகிய அவர், 1929 இற் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். வாவிக்கும் கடலுக்கும் இடையில் எழுந்த அப்பாடசாலையும் அதனோடியைந்த மாணவர் இல்லமும் வறிய பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவைத் திறந்துவிட்டன.

விவேகானந்தர் வழிவந்த கல்விச் சிந்தனையிலே ‘மனம்’ மைய இடம் பெறுவது. மனத்தை ஒருமுகப்படுத்தும் ஆற்றலே கல்வியின் சாரம் என்பதும், ஒவ்வொருவனுள்ளும் ஏலவே நிறைந்திருக்கும் முழுமையை வெளிக்கொணர்தலே ஆசிரியன் கடன் என்பதும் அச்சிந்தனையின் அடிப்படைகள். மிஷன் கல்வி மாணவனைப் பாவியாகக் கண்ட இடத்தில் இது அவனை ஆற்றலுடையோனாகக் கண்டது. குடியேற்ற ஆட்சியின் கீழ்த் தாழ்வுணர்ச்சிக்கு ஆளாகியிருந்த ஒரு சமூகத்துக்கு இம்மாற்றம் எத்துணை உரமாயிருந்தது என்பதைக் கூறவேண்டியதில்லை. தேசிய எழுச்சிக் காலத்தின் உளவியல் இது எனலாம்.

ஆயினும் புலனடக்கம், தன்னொழுக்கம் ஆகியவற்றின் வழியே உள்நோக்கிச் செல்லும் இப்பாதையும் தன்னைச் சூழ்ந்த சமூக உறவுகளைப் பெரும்பாலும் நிலையானவையாகவே கொண்டது. பசியையும் பற்றையும் வெல்லுமாறு மாணவன் பயிற்றப்பட்டான். பசி எங்கிருந்து வருகின்றது என்பது அப்பயிற்சியின் பகுதியாகவில்லை. விபுலாநந்தர் தம் வாழ்வில் ஏழை மக்களின் பக்கம் நின்றவர் என்பது ஐயத்துக்கிடமற்றது. நாம் இங்கு பேசுவது தனிமனிதரின் பரிவைப் பற்றியன்று. ஒரு கோட்பாட்டின் எல்லையைப் பற்றியே ஆகும்.

அவரிடத்தே வேறொரு வழியும் இருந்தது. 1926 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்த மதங்க சூளாமணியிலே சேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களை எடுத்துக்கொண்டு, நாடக உறுப்புகளையும் சுவைகளையும் அவர் ஆராய்ந்தார். உணர்ச்சியைத் துறவியின் பகையாகக் காணாது, கலைஞனின் மூலப்பொருளாகவும் ஆய்வாளனின் பொருளாகவும் கண்ட நூல் அது. 1936 இற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச்சொல் ஆக்கிய விஞ்ஞானியும், மெய்ப்பாட்டை ஆராய்ந்த இலக்கியகாரரும் ஒருவரிடத்தே கூடியிருந்தனர். இவ்விரண்டும் இணைந்த உளவியற் கல்வி ஒன்று வாவிக்கரையிலே தோன்றியிருக்கலாம். அது தோன்றாமற் போனது. எமது கட்டுரையின் இறுதியிலே இவ்விடத்துக்கு மீண்டும் வருவோம்.

5

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அதனையொட்டிய மத்திய கல்லூரிகளும் இப்பிரதேசத்தின் கல்வி வரலாற்றிலே பெருந்திருப்பமாகும். வந்தாறுமூலையில் 1946 இல் தோன்றிய மத்திய கல்லூரி கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரை வழி அமைத்தது. அதன் வளாகத்திலேயே 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் முதன்முறையாகப் பெருந்தொகையிற் கற்றது இக்காலத்திலேயே.

இக்காலத்திலே உளவியல் விஞ்ஞானம் என்னும் பெயரோடு கல்வியுலகுள் நுழைந்தது. ஆசிரிய கலாசாலைகளிலே கல்வி உளவியல் ஒரு பாடமாயிற்று. ஆனால் அது மாணவரைப் பற்றி ஆசிரியர் கற்ற பாடம்; மாணவர் தம்மைப் பற்றிக் கற்ற பாடமன்று. அறிபவர் ஒருவர், அறியப்படுபவர் இன்னொருவர் என்னும் பிரிவினை இதில் உள்ளடங்கியிருந்தது. மாணவர் உளவியலை நேரிற் சந்தித்த இடம் ஒன்றே. அது நுண்ணறிவு வினாத்தாள் ஆகும்.

1905 இற் பிரான்சிலே அல்பிரட் பினே தம் சோதனையை வகுத்தபோது, கூடுதல் உதவி வேண்டிய பிள்ளைகளை இனங்காணுவதே அவருடைய நோக்கமாக இருந்தது. ஆங்கில நாட்டிலும் அமெரிக்காவிலும் அது பிள்ளைகளைத் தரம்பிரிக்கும் கருவியாக மாறியது. எமது நாட்டில் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலும் நுண்ணறிவு வினாக்கள் இடம்பெற்றன. பத்து வயதுப் பிள்ளை உளவியலிடமிருந்து பெற்ற முதற் செய்தி ‘நீ இவ்வளவு’ என்பதாகும்.

இதன் சமூக விளைவைக் காண்பதற்கு வாவியைக் கடந்து செல்லல் வேண்டும். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் நெடுங்காலமாகத் தோணியும் படகுப் பாதையுமே வழி. மண்முனையிற் பாலம் அமைந்தது 2014 இலேதான். ஆசிரியர் பற்றாக்குறையும் வெள்ளமும் வயல்வேலையும் குறுக்கிட்ட பள்ளி வாழ்வை உடைய படுவான்கரைப் பிள்ளையும் நகரப் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு ஒரே நாளில் விடை எழுதினர். பெறுபேற்றில் வெளிப்பட்ட வேறுபாட்டிலே நிலம், பாதை, ஆசிரியர் ஆகியவற்றின் வரலாறு அடங்கியிருந்தது. ஆனால் அப்பிள்ளை அதனைத் தன் மூளையின் அளவு என்றே வாசித்தான். சமூக ஏற்றத்தாழ்வைத் தன் இயல்பாக ஒருவன் ஏற்றுக்கொள்ளுமாறு செய்வது இக்கருவியின் வலிமை. பிறப்பால் வந்த இடத்தைத் தலைவிதி என்று கூறிய பழைய ஒழுங்கு வீழ்ந்ததாகக் கருதப்பட்ட காலத்திலே, அவ்விடத்தில் எண்வடிவான தலைவிதி ஒன்று வந்து அமர்ந்தது.

6

நான்காவது வடிவம் இரத்தத்தோடு வந்தது. 1990 ஆம் ஆண்டின் சில வாரங்களை மாத்திரம் இங்கு குறிப்பிடுவோம். ஓகஸ்ற் 3 ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் ஏறாவூர் முஸ்லிம் மக்களும் படுகொலைக்கு ஆளாயினர். செப்ரெம்பர் 5 ஆந் திகதி கிழக்குப் பல்கலைக்கழகத்திலே தஞ்சமடைந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. செப்ரெம்பர் 9 ஆந் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். இலவசக் கல்வியின் பேறாக எழுந்த வந்தாறுமூலை வளாகமே ஆட்கள் காணாமற்போன இடமாயிற்று என்பது எமது தலைமுறை மறக்கவியலாத முரண்.

இக்காலத்துக்குப் பின்னரே உளவளத்துணை, உளத்தாக்கம், நெருக்கீடு, வடு முதலிய சொற்கள் பாடசாலைக்குள் வந்தன. மட்டக்களப்பிலே இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமாகிய போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் 1996 இல் உருவாக்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா இவ்வகையில் முன்னோடியானது. போரினாற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களின் சிறுவர்கள் அங்கு ஒன்றாகக் கூடி, களிமண்ணாலும் வண்ணத்தாலும் கதையாலும் நாடகத்தாலும் தம்மை வெளிப்படுத்தினர். பெரியோர் பிரிந்து நின்ற காலத்திலே இரு சமூகத்துப் பிள்ளைகள் ஒரே மண்ணைப் பிசைந்தமை சிறிய காரியமன்று. யாழ்ப்பாணத்திலே உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தனிமனித வடு என்னும் கருத்தோடு நில்லாது, குடும்பமும் ஊரும் சிதைவுறும் கூட்டு வடு என்னும் கருத்தை வலியுறுத்தினார். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கியபோது இப்பயிற்சிகள் பெருமளவு விரிவடைந்தன. 2019 ஏப்ரல் 21 ஆந் திகதி சீயோன் தேவாலயத்திலே குண்டுத்தாக்குதலிற் சிறுவர் பலர் இறந்தபோதும் இவற்றின் தேவை மீண்டும் உணரப்பட்டது.

பாடத்திட்டத்திலும் இதற்கு இணையான மாற்றம் நிகழ்ந்தது. 1997 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தங்களையொட்டிப் பாடசாலைகளில் வழிகாட்டலும் ஆலோசனையும் இடம்பெறலாயின. வாழ்க்கைத் தேர்ச்சிகள் என்பது இடைநிலை வகுப்புகளுக்குரிய பாடமாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்த வாழ்க்கைத் திறன்களின் பட்டியலிலே தன்னை அறிதல், பிறர்நிலை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், நெருக்கீட்டைக் கையாளுதல், விமரிசனச் சிந்தனை ஆகியன ஒருங்கே இடம்பெறுகின்றன. ஆனால் வகுப்பறையிலே கையாளுதல் வளர்ந்த அளவுக்கு விமரிசனம் வளரவில்லை. கையாளப்படுவது எப்போதும் மாணவரின் உணர்ச்சியே. அவ்வுணர்ச்சியை எழுப்பிய நிலைமை கையாளப்படுவதில்லை.

இப்பணிகளிலே தம் வாழ்வை ஈந்தோரை நாம் குறைகூறவில்லை. தீப்பற்றிய வீட்டில் முதலில் வேண்டுவது நீரே. எமது விமரிசனம் வேறு. உளவியல் எமது மாணவருக்குக் கல்வியாக வருமுன் மருந்தாக வந்தது. அறிவதற்கு ஆர்வமுடையோன் என்ற வகையிலன்றி, நோயுற்றோன் என்ற வகையிலேயே மாணவன் அதனைச் சந்தித்தான். ஆலோசனை அறைக்குச் செல்பவன் ஏதோ குறையுடையவன் என்னும் பார்வை பாடசாலைகளில் நிலவுவதற்கு இவ்வரலாறு ஒரு காரணமாகும்.

இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ‘எனது குடும்பம்’ என்பது எமது பாடசாலைகளிலே வழிவழியாகக் கொடுக்கப்படும் கட்டுரைத் தலைப்பு. 1990 இலே தந்தை கொண்டுசெல்லப்பட்ட பிள்ளை இத்தலைப்பில் எழுத அமரும்போது இரண்டாம் வாக்கியத்திலேயே தடைப்படும். ‘எனது அப்பா கமக்காரர்’ என்பதற்கு அடுத்து ‘இருக்கிறார்’ என்று எழுதுவதா, ‘இருந்தார்’ என்று எழுதுவதா? தமிழ் வினைமுற்று காலம் காட்டியே ஆகும். ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். முதலாவது பொய்யாகலாம், இரண்டாவது துரோகமாகத் தோன்றும். அப்பிள்ளையின் தடுமாற்றத்தை மொழிப்பிழை என்று திருத்துவது ஒருவகை. நெருக்கீட்டின் அறிகுறி என்று குறித்துக்கொள்வது மற்றொருவகை. முன்னையது அத்தடுமாற்றத்தைக் காணவேயில்லை. பின்னையது கண்டும் பாதியே கண்டது. ஏனெனில் அப்பிள்ளைக்கு இறந்தகாலமும் நிகழ்காலமும் இல்லாமற் செய்தது அதன் மனமன்று. ஒரு சாவுச் சான்றிதழையோ ஓர் உண்மையையோ தரமறுத்த ஆட்சியே ஆகும்.

இப்பிரதேசத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பெற்றீசியா லோறன்ஸ், காணாமற்போனோரின் தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரை நாடிச் சென்றமையை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். அலுவலகத்திலும் முகாமிலும் கேட்கவியலாத வினாவை அங்கு கேட்கலாம். வெளியில் அழமுடியாத அழுகையை அங்கு அழலாம். பயம் பேச்சை அடக்கிய காலத்திலே பழைய நிறுவனம் புதிய பணியை ஏற்றது. தாய் சென்ற இடத்துக்குப் பிள்ளையும் சென்றது. ஆனால் அடுத்த நாட் காலை பாடசாலையில் அதைப்பற்றிப் பேச அதற்கு மொழியும் இல்லை, பாடமும் இல்லை.

7

இனி, வேண்டுவது யாது? இவ்விடத்தில் சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியாவின் ஆய்வு ஒன்றை நினைவுகூர்வோம். வைகொட்ஸ்கியின் கருத்துகளை அடியொற்றி 1931, 1932 ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் அவர் நடத்திய கள ஆய்வு, பல தசாப்தங்கள் கடந்து 1974 இலேயே நூலாக வெளிவந்தது. கிராமத்து மக்களிடம் அவர்தம் குணங்களையும் குறைகளையும் பற்றி அவர் வினவினார். எழுத்தறிவு பெறாதோர் பலர் தம் உள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை. உடை போதாமை, நிலமின்மை, கடன் ஆகியவற்றையே தம் குறைகளாகக் கூறினர். கூட்டுப்பண்ணைகளில் ஈடுபட்டுக் கற்றோர் தம் குணநலன்களை வேறுபடுத்திக் கூறினர். தன்னறிவும் சமூக வாழ்விலிருந்து தோன்றி வளர்வதே என்பது லூரியாவின் முடிபு. உள்ளம் பற்றிய கற்பனாவாதக் கருத்துகளுக்கு இது சிறந்த மறுப்பாகும்.

எனினும் ஒரு கருத்திலே நாம் லூரியாவிலிருந்து வேறுபடுகின்றோம். முன்னோரின் விடையை வளர்ச்சியின் கீழ்ப்படியாகவும் பின்னோரின் விடையை மேற்படியாகவும் அவர் கொண்டார். ‘உன் குறை யாது?’ என்று கேட்டபோது உடையில்லை என்று கூறிய விவசாயி தவறான விடையைக் கூறவில்லை. குறை உள்ளத்தில் மாத்திரமே இருக்கும் என்று கருதும் கல்வி பெற்றவருக்கே அது தவறாகத் தோன்றும். உயர்ந்த தன்னறிவு என்பது, புறத்தை விட்டு அகத்துக்குச் செல்வதன்று; அகத்தையும் புறத்தையும் இணைத்துக் காண்பதே.

இவ்விணைப்புக்குரிய கருவி தமிழ்ப் பாடத்திலேயே கிடக்கின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கின்றது. அழுகைக்குக் கூறப்படுவன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதலும், இழத்தலும், நிலை தாழ்தலும், வறுமையும் துயரத்தின் காரணங்களாக அங்கு பெயர் பெறுகின்றன. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு தம் இறையும் நிலைக்களனாகின்றது. தம்மேல் அதிகாரமுடையோரும் அச்சத்தின் காரணம் என்பதை அந்நூல் மறைக்கவில்லை. வெகுளிக்குரிய நான்கோ உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்புகளைச் சிதைத்தல், சுற்றத்துக்குக் கேடு சூழ்தல், அடித்து வருத்துதல், கொல்லுதல் ஆகியவற்றை வெகுளியின் காரணங்களாகக் கற்கும் மட்டக்களப்பு மாணவனுக்கு உரையாசிரியர் துணை அதிகம் வேண்டியதில்லை.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்குரிய இலக்கணமேயன்றி உளவியல் நூலன்று என்பதை நாம் அறிவோம். உடையோரின் உலகநோக்கு அதிலும் படிந்துள்ளது. பழைமையில் எல்லாம் உண்டு எனும் பெருமிதம் எமது நோக்கமன்று. ஆயினும் உணர்ச்சியை அதன் காரணத்தோடு பெயரிடும் முறை ஒன்று எமது மொழியில் உண்டு என்பது கருதத்தக்கது. பெருமிதத்துக்குரிய நான்கனுள் கல்வியும் ஒன்று என்பதும் ஆசிரியர் மறக்கலாகாதது. நுண்ணறிவு வினாத்தாள் ‘நீ இவ்வளவு’ என்றது. மெய்ப்பாட்டியல் ‘இவ்வுணர்வு இதனால் வந்தது’ என்று தேடத் தூண்டுகின்றது. விபுலாநந்தரிடம் ஒருங்கிருந்து பிரிந்துபோன விஞ்ஞான நோக்கும் இலக்கிய நோக்கும் மீண்டும் சந்திக்கக்கூடிய இடம் இதுவே.

நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடமாக நிலைபெற்ற வரலாறு இதற்கு நம்பிக்கை தருகின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையிலே மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றியதும், அவர் மாணவராகிய சி. மௌனகுரு அதனை ஆராய்ந்தும் ஆடியும் வளர்த்ததும் பலரும் அறிந்தவை. அண்ணாவியாரின் களரியில் இருந்தது வகுப்பறைக்கு வந்தது; வந்தபோது கிராமத்துப் பிள்ளை தன் ஊரின் செல்வத்தைப் புதிதாகக் கண்டது. பிறனாக ஆடியே ஒருவன் தன்னை அறிகிறான் என்பதைக் கூத்தாடியவர் அறிவர். கூத்துக்கு நிகழ்ந்தது உணர்ச்சி பற்றிய கல்விக்கும் நிகழக்கூடும்.

எனவே உளவியலை மற்றொரு பரீட்சைப் பாடமாகச் சேர்ப்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. அவ்வாறு சேர்த்தால் மனனம் செய்யப்படும் வரைவிலக்கணங்கள் பெருகும், அவ்வளவே. தமிழ், வரலாறு, குடியியல், நாடகம் ஆகிய பாடங்களின் ஊடாக மாணவர் தம் அச்சத்துக்கும் வெகுளிக்கும் அழுகைக்கும் நிலைக்களன் தேடப் பயிலல் வேண்டும். காத்தான்குடிப் பிள்ளையும் சத்துருக்கொண்டான் பிள்ளையும் ஒரே பட்டியலில் இரு வரிகளாகத் தம் இழவை எழுதும்போது, ஒன்று மற்றொன்றுக்கு நியாயம் ஆகாது என்பதையும், இரண்டையும் விளைவித்த அதிகாரப் போட்டியின் இயல்பையும் அறியும் வாய்ப்பு உண்டாகும். உளவளத்துணையாளர் அப்போதும் வேண்டும். ஆனால் அவரிடம் செல்லும் மாணவர் தம் நோவின் பெயரை ஏலவே அறிந்தவராகச் செல்வர்.

அன்று ‘எனது குடும்பம்’ என்னும் கட்டுரையில் இரண்டாம் வாக்கியத்தில் தடைப்பட்ட பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். அவர்களுடைய பிள்ளைகள் அதே தலைப்பில், பாட்டனாரைப் பற்றி, அதே வினைமுற்றோடு போராடுகின்றனர். அத்தடையைத் திருத்திவிடாமலும் நோயென்று குறித்துவிடாமலும், ‘இதை எழுத உன்னால் ஏன் முடியவில்லை என்பதையே எழுது’ என்று கூறக்கூடிய ஆசிரியர் எமக்கு வேண்டும். தன்னறிவுக் கல்வி அவ்வகுப்பறையிலேயே தொடங்கும்.